தராசுக் கண்காட்சியின் கடைசி வரைபடம்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் போன மாதம் கோப்புக் காப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். நீங்கள் வடிவமைத்த தராசுக் கண்காட்சியை மேல்மாடிக் கூடத்தில் மறுபடியும் வைக்கப் போகிறார்கள். அதன் கணினிக் கோப்புகளை ஒழுங்குபடுத்திப் பாதுகாக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றும்போது யாரோ கவனிக்காமல் விட்டதால், எல்லாக் கோப்புகளிலும் ஒரே தேதி விழுந்துவிட்டது. பெயரை வைத்துப் பார்க்கலாம் என்றால், ‘தண்ணி வராத நாள்’, ‘மிக்ஸி புகைந்த நாள்’ என்றெல்லாம் இருக்கிறது. தச்சருக்குக் கொடுக்க வேண்டிய கடைசி வரைபடம் எது என்று தெரியவில்லை. நீங்கள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை என்றார்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன்.

உங்கள் மகனும் நானும் பிரிந்த பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. எப்படி அழைப்பது என்று தெரியாமல் அலுவலக வழக்கப்படி எழுதிவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கோப்புக் காப்பாளர்


ஜனவரி 15

‘அம்மா அவர்களுக்கு’ என்று எழுதியவளுக்கு,

உறையைப் பிரித்ததும் ஏதோ நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. “அத்தை, கண்ணாடி உங்க தலைமேலதான் இருக்கு” என்று தினமும் சொன்ன வாய்க்கு, இப்போது ‘அவர்கள்’ எல்லாம் வருகிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் என் அறையில் உட்கார்ந்து வரைந்ததை ஒவ்வொரு மாலையும் தனித்தனியாகச் சேமிப்பேன். அன்று வீட்டில் என்ன நடந்ததோ அதுதான் பெயர். தேதி வைத்தால் எனக்கு ஒன்றும் நினைவு வராது. கணினிப் பிரிவுக்காரர் அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். எது முன், எது பின் என்று என்னைக் கேட்காதே. நீயும்தானே அந்த வீட்டில் இருந்தாய்? நீயே அடுக்கிக்கொள்.

இத்தனை நாள் நான் ஏன் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். எழுதினால், மகனுக்காகத் தூது வருகிறேன் என்று எடுத்துக்கொள்வாயோ என்று பயம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பழையபடி பிஸ்கட்தானா?

அத்தை


ஜனவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

இந்த வார்த்தையை எழுதவே எவ்வளவு நன்றாக இருக்கிறது. உங்களைப் பார்க்க வேண்டும் போல எத்தனையோ தடவை இருந்தது. எனக்கு அந்த உரிமை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கோப்புகளை அடுக்கிவிட்டேன். முதலில் ‘பல்லி விழுந்த நாள்’. வீடே அதிரக் கத்தியது நான்தான். தண்ணீர் வராத அன்று அந்தப் பல்லி எனக்குப் பழகிப்போயிருந்தது, அதனால் அது இரண்டாவது. ‘பல் பிடுங்கிய நாள்’ மாமாவுடையதுதானே? கன்னம் வீங்கி அவர் பேசாமல் இருந்தார், வீடு நிம்மதியாக இருந்தது. எங்கள் மேலாளர் நான் அடுக்குவதைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எந்தப் படிப்புல சொல்லித் தர்றாங்க?” என்று கேட்டார்.

கடைசியில் ஒரு கோப்பு மிஞ்சியது. பெயர், ‘அவள் போன நாள்’.

அதற்கு முந்தியதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கோடுகூட மாறவில்லை. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை அழித்துவிட வேண்டும் என்பது இங்கே விதி. எனக்குக் கை வரவில்லை. அன்று நான் பெட்டியோடு கிளம்பியபோது உங்கள் அறைக் கதவு சாத்தியிருந்தது. நீங்கள் வெளியே வரவே இல்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தக் கோப்பை என்ன செய்யட்டும்? கோபம்தானா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
நான்தான்


பிப்ரவரி 2

கண்ணு,

கோபம் இல்லை. வெளியே வந்திருந்தால் “போகாதேம்மா” என்று உன் கையைப் பிடித்திருப்பேன். நீ போவதுதான் உனக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று முழுக்க அந்த வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வழக்கம்போலச் சேமித்துவிட்டு எழுந்தேன்.

அதை அழித்துவிடு. நாம் இரண்டு பேரும் அதைச் சுமந்தது போதும்.

ஆனால் அதற்கு முந்தியதையும் தச்சரிடம் கொடுத்துவிடாதே. கண்காட்சிக் கூடத்தின் நடுவில் பெஞ்சு போடச் சொல்லி அப்போது நீ நச்சரித்தாயே, நினைவிருக்கிறதா? “தராசு பார்க்க வர்றவங்களுக்கு எதுக்குடி பெஞ்சு?” என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது என் முட்டி உன் கட்சியில் சேர்ந்துவிட்டது. வீட்டில் கிடந்த என் பழைய கணினியைத் தூசி தட்டி, கண் எரிந்தால் எரியட்டும் என்று உட்கார்ந்து பெஞ்சைப் போட்டுவிட்டேன். பென் டிரைவ் உள்ளே இருக்கிறது. தபாலில் உடைந்துவிடும் என்று மாமா பஞ்சு சுற்றியிருக்கிறார், பிரிக்கும்போது திட்டாதே. கூடம் திறந்ததும் சொல். வருகிறேன், அந்தப் பெஞ்சில் நீயும் நானும் உட்கார வேண்டும்.

இதுதான் கடைசி வரைபடம். உங்கள் விதிப்படி எண் போட்டுப் பெயரை மாற்றிக்கொள். நான் வைத்திருக்கும் பெயர், ‘மருமகள் கடிதம் வந்த நாள்’.

உன் அத்தை