பச்சை டிக் போட்ட காவல்காரன்

மேவிஸ்,

மறுபடியும் சொல்கிறேன்: நம் கணினிக்குள் புகுந்த திருடனை நேற்று வெறுங்கையால் பிடித்து ஜன்னல் வழியாக வெளியே வீசினேன். சிரிக்காதே! நான் தொடாமலே அம்புக்குறி திரையில் ஊர்ந்துபோய்ப் பேத்தியின் படங்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கியது. நம் ஆன்டிவைரஸ் என்ன செய்தது? "எல்லாம் பத்திரம்" என்று பச்சை டிக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதே மகராசன்தான் போன வாரம் கர்லிங் கிளப்பின் ஆட்ட அட்டவணையை வைரஸ் என்று பிடித்துப் பூட்டினான். அடுக்குமா இது?

"ஆன்டிவைரஸ் இருக்கையில எவன் வருவான்? சும்மா புளுகாதீங்க" என்று ராத்திரி சொன்னாயே, அது இன்னும் சுடுகிறது.

சூப் அடுப்பில் இருக்கிறது. ரிப்பேர் பார்க்கும் லாயிட் மதியம் வருவார். அதுவரை கணினியைத் தொடாதே.

ஆர்வில்

பி.கு. பார்சல் வந்திருக்கிறது என்று ஒரு மெயில் வந்தது. அதிலிருந்த லிங்க்கை அமுக்கினேன். அதைத் தடுக்கத்தானே அந்தப் பச்சை டிக் காவல்காரன் இருக்கிறான்?

இன்னொன்று: நான் பிடுங்கிய இன்டர்நெட் வயர் ஃப்ரீசரில், மீனுக்கு அடியில். எடுக்காதே.

*

ஆர்வில், நீங்க புளுகுறீங்கன்னு காட்டத்தான் வயரை எடுத்துச் சொருகினேன். என் கண்ணெதிரே அம்பு நகர்ந்துச்சு, பச்சை டிக்கும் அசையாம நின்னுச்சு. பிடுங்கி, மறுபடியும் மீனுக்கு அடியிலேயே வச்சுட்டேன். ஜன்னல் கதை பொய். மத்ததெல்லாம் நெசந்தான்.

மேவிஸ்