அரைகுறையாய் உருகிய கல்

தன் சொல்லை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாத என் எஸ்தர் அக்காவுக்கு,

அழுது எழுத எனக்கு வராது. உனக்கும் அது பிடிக்காது. சபையின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுதுவதைவிட உனக்கே எழுதிவிடுவது சுலபம். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் செய்தி. நீ சொன்னது சரி என்று இந்த அறுப்பின் பண்டிகையில், நம் தாராவி சபைக்கு முன்னால், கல்லை வைத்தே காட்டிவிட்டேன்.

நீ பேசிய பண்டிகை நினைவிருக்கிறதா? ஜியாலஜியில் பட்டம் வாங்கிய கையோடு, ஒரு குச்சி ஐஸை எடுத்துக்கொண்டு மேடையேறினாய். நம் காலுக்குக் கீழே நெருப்புக் கடல் கிடையாது, வெகு ஆழம் வரை சூடான கல்தான் என்றாய். அந்தக் கல் மெல்ல மேலே ஏறும்போது அதன்மேல் இருக்கும் பாரம் குறையும், அப்போது அதில் ஒரு சிறு பங்கு மட்டும் உருகும். தண்ணீர் சேர்ந்தாலும் அப்படித்தான். "கல் முழுசா உருகாது, வேர்க்கும். அந்த வேர்வை ஒண்ணுசேர்ந்து மேல வந்து உறைஞ்சதுதான் பம்பாயோட கருங்கல்லு." பிறகு முன்வரிசைப் பையனிடம் ஐஸைக் கொடுத்து உறிஞ்சச் சொன்னாய். சிவப்பும் இனிப்பும் அவன் வாய்க்குள் போயின. குச்சியில் வெறும் வெள்ளை ஐஸ் நின்றது. முதலில் உருகி வருவதும் மிச்சமாக நிற்பதும் ஒரே சரக்கு இல்லை என்று அதற்கு மேல் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நம் வீட்டு அம்மியில் ஓடுகிற வெள்ளை வரியையும் சொன்னாய். பூமியின் மேலோட்டுக் கல் ஒரு காலத்தில் வியர்த்து, வியர்வை வெளியே போகாமல் அங்கேயே உறைந்த தடம் அது என்று. அன்றிலிருந்து அந்த அம்மியில் நான் ஷேவிங் பிளேடு தீட்டுவதில்லை.

அப்போதுதான் சபைக் கமிட்டியில் இருக்கும் டிரங்குப் பெட்டிப் பட்டறை தேவசகாயம் அண்ணாச்சி எழுந்தார்.

"அப்போ நரகம் எங்க இருக்கு டீச்சரம்மா? விக்ரோலி ஸ்டேஷன் பக்கமா?"

"எனக்கு வழி தெரியாது அண்ணாச்சி. நீங்க போயிட்டு வந்து சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு உனக்கு 'நரகமில்லா டீச்சர்' என்று பெயர் விழுந்தது. ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளுக்கு நீ எடுத்த ஓய்வுநாள் பள்ளி வகுப்பை உன்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறாய் என்றார்கள். நீ "கல்லை உருக்கிக் காட்டினா நம்புவாங்க" என்று மட்டும் சொன்னாய். அதற்குள் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. தப்பாகச் சொன்னவள் என்ற பேரோடு நீ போனதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தாணே பக்கம் நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் சோதனை உலை இருக்கிறதே. மேலாளரிடம் கேட்டு, குவாரிக் கருங்கல்லில் ஒரு துண்டை உள்ளே வைத்தேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே. சூட்டை ஒரேயடியாக ஏற்றினேன். வெளியே வந்தது கறுப்பு பாட்டில் உடைந்தது மாதிரி ஒரு கண்ணாடிக் கட்டி. எல்லாம் உருகிவிட்டால் எதுவும் பிரியாது. உள்ளே போன சரக்கேதான் வெளியே வரும். அதைக் காட்டினால் அண்ணாச்சிதான் ஜெயிப்பார்.

அடுத்த துண்டுக்குச் சூட்டைக் குறைத்து, ஒரு ஷிப்ட் முழுக்கக் காத்திருந்தேன். நான் காத்திருந்தேன் அக்கா, கேட்டுக்கொள். எடுத்த சூட்டில் தண்ணீரில் போட்டு, அறுத்து, மெருகேற்றி, லென்ஸில் பார்த்தேன். கல்லின் மங்கலான மணிகள் உருகாமல் அப்படியே இருந்தன. அவற்றின் இடுக்கில் மட்டும் கறுப்புக் கண்ணாடி பளபளவென்று நூலாக ஓடியது. கல் வியர்த்திருந்தது.

பண்டிகையில் உன் பேச்சையே பேசினேன், ஐஸ் உட்பட. ஐஸைப் பிடிக்கக் கை வேண்டுமென்று கல்லைப் பக்கத்து மேசையில் வைத்தேன். அது காணிக்கை மேசை, அதில் வைத்ததையெல்லாம் சபைக்காக ஏலம் விடுவார்கள். பூசணிக்கும் கோழிக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். பேசி முடித்துத் திரும்பினால் மூப்பர் கல்லைத் தூக்கிப் பிடித்து ஏலம் கூறுகிறார்.

"அது ஏலத்துக்கு இல்ல ஐயா, வகுப்பறையில வைக்கணும்" என்றேன்.

"மேசையில வச்சா அது கர்த்தருக்கு வச்சது தம்பி. வேணும்னா நீயும் கேளு."

கேட்டேன். பின்வரிசையிலிருந்து தேவசகாயம் அண்ணாச்சி மேலே கேட்டார். நான் ஏற்ற, அவர் ஏற்ற, என் சம்பளம் தாங்குகிற இடம் தாண்டிவிட்டது. கல் அவருக்குப் போனது. உடைத்து எறியத்தான் வாங்குகிறார் என்று எனக்கு ஆத்திரம்.

மறுநாள் சாயங்காலம் சண்டைக்கென்றே பட்டறைக்குப் போனேன். கல்லாப் பெட்டிக்கு மேலே, லென்ஸோடு, கல் இருந்தது. பெட்டி வாங்க வந்த ஒருவரின் தலையை அண்ணாச்சி லென்ஸுக்கு நேராக அமுக்கிப் பிடித்திருந்தார்.

"நல்லாப் பாரும் வே. கீழ தீ கெடையாது, கல்லுதான். கொஞ்சூண்டு வேர்க்கும், அவ்வளவுதான். எங்க எஸ்தர் டீச்சர் சொன்னது."

"அப்போ நரகம் எங்க அண்ணாச்சி?"

"நான் போயிட்டு வந்து சொல்லுதேன்."

வாசலிலேயே நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒங்க அக்கா வகுப்பை நீ எடுக்கப் போறியா, இல்ல நான் வேற ஆளைப் பாக்கணுமா? கமிட்டியில பேசியாச்சு" என்றார். அவரிடம் சண்டை போட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

வருகிற ஞாயிறு முதல் உன் வகுப்பு என்னுடையது. புரியாத பிள்ளையிடம் எரிந்து விழமாட்டேன். சூட்டைக் குறைத்து வைத்துக் காத்திருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வகுப்புக்கு இப்போது பொறுப்பாளியான,
உன் முன்கோபித் தம்பி சாமுவேல்