மே மாதத்தில் வராதவள்

பீய்ஸ்க்
1996 செப்டம்பர் 12

என் அருமை லூஸ்யாவுக்கு,

அக்காவின் முத்தங்கள். போய்ச் சேர்ந்ததும் இரண்டு வரி எழுது என்று ரயிலடியில் படித்துப் படித்துச் சொன்னேன். தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறேன், கரண்ட் பில்லைத் தவிர ஒன்றுமில்லை. ஜாம் ஜாடிகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று உடைந்திருந்தாலும் மறுநாளே எழுதியிருப்பாய்.

நீ போன பிறகுதான் ஒப்லெபீகா முள்மரங்களில் பழம் நன்றாகப் பழுத்தது. கிளை கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு பழம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் காலை பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்குப் போகிறேன். பறித்துப் பறித்து, முள் குத்தி என் இரண்டு கையும் சல்லடையாகிவிட்டன. அந்தக் கீறலில் சாறு பட்டால் எப்படி எரியும் என்று உனக்குத் தெரியாது. நீ எப்போதும் ராஸ்ப்பெரி பக்கம்தான் நிற்பாய், மகராசி. பரவாயில்லை, உன் பங்குக்கும் சர்க்கரை போட்டு அரைத்து வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் உனக்குத் தொண்டை கட்டும்போது உதவும்.

தோட்டச் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்திருக்கிறார். "உங்க தோட்டம் ரெண்டு பேர் பேர்ல இருக்கே, நடுவுல வேலி எங்கம்மா?" என்று கேட்டார். "எங்கப்பா போட்ட தோட்டம், எங்கம்மா ஆளுக்குப் பாதியா எழுதி வெச்சாங்க. அக்கா தங்கச்சிக்கு நடுவுல வேலி எதுக்கு? அந்த ஸ்மரோதினாச் செடி வரிசைதான் எல்லை" என்று சொல்லி அனுப்பினேன். பக்கத்துத் தோட்டத்து ப்ரோகோர் அதைக் கேட்டுச் சிரித்தார். "ரிம்மா, தங்கச்சி வரப்போறா, வரப்போறான்னு சொல்லிச் சொல்லியே நீ கிழவியாயிட்ட" என்றார். அவர் வாயை அடைக்கவாவது நீ வந்து சேர வேண்டும்.

அடுத்த ஜூனில் உனக்கு வேலையிலிருந்து ஓய்வு. என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தது போதும். உனக்கென்று ஜன்னலோர அறைக்குப் புதுத் தாள் ஒட்டிவிட்டேன். நீ கேட்டபடி உன் பாதியில் ஸ்ட்ராபெரி நாற்றும் நட்டாயிற்று. அது காய்க்கிற நேரத்துக்கு நீ இங்கே இருப்பாய்.

அக்டோபரில் கண்ணில் புரை எடுக்கப் பர்னவூல் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பயப்படாதே. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா,
ரிம்மா

*

நோவோசிபீர்ஸ்க்
1996 அக்டோபர் 27

அன்பான என் அக்காவுக்கு,

உன் தங்கத் தலைக்கு ஆயிரம் முத்தம். கண்கட்டு அவிழ்த்துவிட்டார்களா? வீட்டுக்கு வந்ததும் நீயே படிக்க வேண்டும் என்றுதான் எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன். முன்பே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நம் பெண் இன்னாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டு வேலை முழுக்க என் தலையில்.

உனக்கு ஓர் ஆச்சரியம் வைத்திருக்கிறேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானும் மாப்பிள்ளை ருஸ்லானும் காரிலேயே பீய்ஸ்க் வந்துபோனோம். நீ படுத்திருக்கிறாய், பனி விழுவதற்குள் தோட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. உன் பக்கத்து ராஸ்ப்பெரித் தண்டுகளையெல்லாம் வளைத்துக் கட்டிவிட்டேன். சருகைக் கூட்டி எரித்தோம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழமும் தராமல் வருஷக்கணக்காக நின்றதே, அந்த முள்மரம், அதையும் ருஸ்லான் வேரோடு எடுத்துவிட்டான். "வெறும் முள்ளு அத்தை, சும்மா எடத்த அடைச்சுகிட்டு நிக்குது" என்றான். இப்போது கேட்டருகே எவ்வளவு வெளிச்சம் தெரியுமா. நீ பார்த்தால் கைதட்டுவாய்.

நன்றாகச் சாப்பிடு. குனிந்து வேலை செய்யாதே.

உன் செல்லத் தங்கை,
லூஸ்யா

*

பீய்ஸ்க்
1996 நவம்பர் 9

லூஸ்யா,

கண் நன்றாகத் தெரிகிறது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி செய்துவிட்டாய்.

நீங்கள் பிடுங்கிப்போட்டது ஆண்மரம். அது பழம் தராதுதான், தரவும் முடியாது. ஒப்லெபீகாவில் ஆண் தனி, பெண் தனி. மே மாதம் இலை வருவதற்கு முன்னால் அதில் தவிட்டு நிறத்தில் என்னவோ கொத்துக் கொத்தாக வரும், பூ என்று அதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காற்றடித்தால் அதிலிருந்து தூள் பறந்துபோய் என் பக்கத்து மூன்று மரங்கள் மேலும் விழும். விழுந்தால்தான் பழம். காற்று மேற்கிலிருந்து வருகிறது என்றுதான் அப்பா அதை அந்த மூலையில் நட்டார். இத்தனை வருஷம் நீ ஜாடி ஜாடியாகக் கொண்டுபோனதெல்லாம் அந்த வெறும் முள் கொடுத்ததுதான்.

உனக்கு எப்படித் தெரியும்? நீ ஆகஸ்டில்தானே வருவாய். மண் கொத்துகிற ஏப்ரலில் வரமாட்டாய், பூக்கிற மேயில் வரமாட்டாய், கொசு கடிக்கிற ஜூனில் வரமாட்டாய். பழுத்த பிறகு கூடையோடு வருவாய். ஒரே ஒரு மே மாதம் வந்திருந்தால் நானே கையைப் பிடித்துக் காட்டியிருப்பேன்.

சரி, திட்டிவிட்டேன், முடிந்தது. நல்லது செய்வதாக நினைத்துக் கெடுத்துவிட்டாய். ராஸ்ப்பெரியை மட்டும் நன்றாகவே கட்டியிருக்கிறாய், அதையும் சொல்ல வேண்டும். ப்ரோகோரிடம் ஓர் ஆண்மரம் இருக்கிறது. தோட்டத்தின் அந்தக் கோடியில் நிற்பதால் அதன் தூள் என் மரங்கள் வரை வராது. மேயில் கிளை வெட்டித் தருகிறேன் என்கிறார். கிளையைத் தண்ணீர் ஜாடியில் போட்டுப் பெண்மரத்துக்குள் தொங்கவிட்டால் கொஞ்சமாவது காய்க்குமாம். ஒரு மரத்துக்காக நான் உன்னோடு சண்டை போடுகிறவள் இல்லை.

ஆனால் ப்ரோகோர் இன்னொன்றும் சொன்னார். "ஒன் தங்கச்சி, மாப்பிள்ளையோட இன்னொரு ஆளும் வந்திருந்தானே. நாடாவப் புடிச்சு ஸ்மரோதினாச் செடியிலேர்ந்து கேட்டு வரைக்கும் அளந்தான். வித்துட்டீங்களா ரிம்மா?" என்று கேட்டார். வாய்க்கு வந்ததை உளறாதீர்கள் என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

அது யார் லூஸ்யா? நேராக எழுது. சுற்றி வளைக்காதே.

ரிம்மா

*

நோவோசிபீர்ஸ்க்
1996 டிசம்பர் 15

அன்பு அக்காவுக்கு,

எத்தனை தாள் கிழித்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. ஆமாம் அக்கா, என் பாதியைக் கொடுத்துவிட்டேன். இன்னாவுக்கு இரண்டாவது குழந்தை வரப்போகிறது, இருக்கிற ஒரே அறையில் நாங்கள் எல்லாரும் எப்படிப் புழங்குவது? கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாறினோம். பெற்ற மகள் அழுதால் நான் என்ன செய்வேன், நீயே சொல். உனக்குப் பிள்ளைகள் இருந்திருந்தால் உனக்குப் புரியும்.

பேச்சு ஜூலையிலேயே முடிந்துவிட்டது. ஆகஸ்டில் உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். நீ அடுப்பருகே ஜாம் கிளறிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், வாய் வரவில்லை. அந்த மரம் கார் திருப்ப இடைஞ்சலாக இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று வாங்கியவர் கேட்டார். அது ஆண், பெண் என்றெல்லாம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

இதனால் நமக்குள் என்ன மாறிவிட்டது? உன் பாதி இருக்கிறதே, இரண்டு கிழவிகளுக்கு அது போதாதா? ஆனால் ஜூனில் வர முடியாது அக்கா. கைக்குழந்தையை விட்டுவிட்டு எப்படி வருவேன்? ஒரு வருஷம் போகட்டும். கட்டாயம் வருவேன்.

கோபத்தைக் கொட்டிவிடு, ஆனால் பதில் எழுது.

உன் லூஸ்யா

*

நோவோசிபீர்ஸ்க்
1997 அக்டோபர் 5

அன்பு அக்காவுக்கு,

புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை போட்டேன், பதில் இல்லை. மகளிர் தினத்துக்குப் போட்டேன், அதற்கும் இல்லை. ஆகஸ்டில் நீ கூப்பிடுவாய் என்று பையைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். இத்தனை பிடிவாதம் ஆகுமா? அம்மா இருந்திருந்தால் நம் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிப்போட்டிருப்பாள்.

இங்கே நான் இருக்கும் இருப்பைச் சொல்கிறேன், சிரிக்காதே. புது வீட்டில் ஓர் அறை இன்னாவுக்கும் ருஸ்லானுக்கும், ஓர் அறை பிள்ளைகளுக்கு. எனக்குச் சமையலறையில் மடக்குக் கட்டில். ருஸ்லான் வேலை முடிந்து வந்து சாப்பிட்டு எழுகிற வரை நான் படுக்க முடியாது. போன வாரம் இன்னா என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பெரியம்மாதான் ஒனக்குன்னு ரூம் ரெடியா வெச்சிருக்காங்களேம்மா. எதுக்கு இங்க கெடந்து கஷ்டப்படுற?" குழந்தையை விட்டுவிட்டு வர முடியாது என்றேனே, இப்போது குழந்தையைப் பார்க்க ருஸ்லானின் அம்மா வருகிறாளாம். அவளுக்குக் கட்டில் வேண்டும்.

எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள் அக்கா? நவம்பர் விடுமுறைக்கு முன்னால் வந்துவிடுகிறேன். எந்த ரயில் என்று எழுதுகிறேன், ரயிலடிக்கு வந்து என்னை அழைத்துக்கொள். சாமான் அதிகம் இல்லை. பழசையெல்லாம் தலை முழுகிவிட்டு, சின்ன வயதில் இருந்ததுபோல் ஒன்றாக இருப்போம். இந்த முறை மே மாதமும் நான் அங்கேதான் இருப்பேன், பார்.

உன்னையே நம்பியிருக்கும்,
லூஸ்யா

*

பீய்ஸ்க்
1997 அக்டோபர் 16

லூஸ்யா,

உன் கடிதம் கிடைத்தது. அட்டைகளும் அந்தந்த நேரத்தில் கிடைத்தன.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மேயில் ப்ரோகோர் கொடுத்த கிளைகளைத் தொங்கவிட்டேன். அந்த வாரம் முழுக்க மழை. ஒரு மரத்தில் மட்டும் ஒரு கைப்பிடி பழம், மற்ற இரண்டிலும் வெறும் இலை. நிலத்தை வாங்கியவர் கம்பிவேலி போட்டுவிட்டார். எல்லையில் நின்ற ஸ்மரோதினாவை அவர் பிடுங்கும்போது ஓடிப்போய்த் தடுத்தேன். "எம் பக்கத்துல இருக்கும்மா, பத்திரத்தைப் பாருங்க" என்றார். பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஸ்ட்ராபெரிப் பாத்தி மேல் இப்போது அவர் கார் நிற்கிறது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை.

மரத்துக்காகவும் இல்லை, நிலத்துக்காகவும் இல்லை. போன வருஷம் ஆகஸ்டு முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து பழத்துக்குக் காம்பு கிள்ளினாய். "அடுத்த வருஷம் உன் பாதியில என்னடி போடலாம்?" என்று நான் கேட்டேன். "ஸ்ட்ராபெரி போடுவோம் அக்கா" என்றாய். ஜூலையில் பேசி முடித்துவிட்டு, ஆகஸ்டில் அப்படிச் சொன்னாய். நீ சொன்னதை நம்பி, பார்வை மங்கிய கண்ணோடு, மண்டிபோட்டு உட்கார்ந்து அந்த நாற்றையெல்லாம் நட்டேன். என் கோபம் அதற்காகத்தான். பிள்ளை இல்லாதவளுக்குப் புரியாது என்று எழுதினாய். உன் மகள் உன்னை இப்போது என்ன செய்கிறாள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

வா. அம்மா பெற்றவளைத் தெருவில் நிற்க விடமாட்டேன். ரயிலடிக்கு நான் வரமாட்டேன், பஸ் நம்பர் மாறவில்லை. அந்த அறை காலியாகத்தான் இருக்கிறது. சமையலறை அலமாரியில் மேல்தட்டு என்னுடையது, கீழ்த்தட்டை உனக்கு ஒழித்து வைக்கிறேன். கெட்டில் ஒன்று கொண்டுவா, பாத்திரமும் உனக்கு வேண்டியதைக் கொண்டுவா. அடுப்பில் இடது பக்கம் நீ வைத்துக்கொள். தோட்டத்துக்கு நான் தனியாகப் போய்வந்துகொள்வேன்.

கல்யாணம் ஆவதற்கு முன்னால் பழைய வீட்டில் குசேவ் குடும்பத்தோடு ஒரே சமையலறையில் புழங்கினோமே, ஞாபகம் இருக்கும். காலையில் அப்பா பெயரோடு முழுப்பெயர் சொல்லி ஒரு வணக்கம், அவரவர் அடுப்பை அவரவர் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம். ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அவர்கள் காலி செய்துகொண்டு போனபோது யாரும் அழவும் இல்லை. நாமும் அப்படி இருந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ரிம்மா அர்காத்யெவ்னா