விட்டுப்போன அரை

படூர் விடுதி,
12.8.2004

அப்பாவுக்கு வைஷாலியின் நமஸ்காரம். முழங்கால் வலி குறைந்ததா?

நான் அழ அழ நீங்கள் சேர்த்துவிட்ட புள்ளியியலில் நேற்றுத் தேர்வு. நூறு முறை நாணயத்தைச் சுண்டினால், தலை அறுபதைத் தாண்டாமல் விழ வாய்ப்பு எவ்வளவு? முழு எண்ணை மணி வடிவ வளைகோட்டில் பொருத்துவதால் அறுபதரை என்று எடுக்க வேண்டும். அரையை மறந்தேன்.

"அரைய இன்னாமா பண்ணே, நாஸ்தாவோட தின்னுட்டியா?" என்று சார் தாளை வீசினார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். நீங்கள் கொண்டுவர வேண்டாம், தபால் போதும்.

வாசலில் தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடித்துவிடுகிறேன். பிடிக்காத படிப்பானாலும் எல்லாப் பெண்களும் பழகிக்கொள்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பலமுறை சுண்டினால்தான் அந்த வளைகோடு வரும் அப்பா. ஒரே தடவை என்றால் பூவா தலையா மட்டும்தான். உங்களுக்கு இருப்பது ஒரே மகள்.

வைஷாலி