பழைய பிரௌசரை அழிக்கச் சொன்னவர்

குருநகர்,
2025 மார்ச் 3

அன்புள்ள லெனாட் அண்ணைக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. தம்பி ஜெறோம் உங்களிடம் வரவென்று துருக்கிக்குப் போய்ச் சத்தமில்லாமல் ஏழு மாதம். எந்தக் கரையில் படகேறினான் என்றுகூடத் தெரியாது. காணாமற்போனவர்களைத் தேடும் நிறுவனம் ஒன்று விண்ணப்பத்தை இணையத்தில் மட்டுமே வாங்குகிறது. இந்த மாதம் பதினைந்தாம் திகதி கடைசி நாள். தம்பியின் கொம்பியூட்டரில் உள்ள பழைய பிரௌசரில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. புதிதாக எதைப் போடட்டும்? குறோமா, பயர்பொக்ஸா?

அந்தப் பழையதில்தான் தம்பியின் மின்னஞ்சல் திறந்தபடி கிடக்கிறது. கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாது; அந்தப் பிரௌசர் போனால் அதுவும் போச்சு. அம்மா செவ்வாய்தோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து, "பிள்ளை ஏதும் எழுதியிருக்கோ, பாரடி" என்று அதன் முன்னால் இருக்கிறா. பழைய கடிதங்களைத் தொடவிடமாட்டா. "செத்தவன்ரை கடிதத்தைத்தான் மற்றவை வாசிக்கிறது. அவன் வந்து வாசிக்கட்டும்" என்கிறா. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்க்கிறது, அண்ணை. இந்த மின்னஞ்சலுக்கு உடனே பதில் போடுங்கள்.

அன்புத் தங்கை,
லவீனா

பாரிஸ்,
மார்ச் 5

அன்புத் தங்கச்சிக்கு,

குறோமைப் போடு. ஆனால் முதலில் பழையதை முழுதாக அழித்துவிடு. இரண்டும் இருந்தால் அந்தக் கிழட்டுக் கொம்பியூட்டர் தாங்காது, விண்ணப்பம் பாதியில் நின்றுவிடும். தம்பியின் மின்னஞ்சல் பெட்டியில் விளம்பரங்களைத் தவிர என்ன இருக்கப்போகிறது? அவன் கொழும்பில் விமானம் ஏறிய பிறகு என்னோடும் கதைக்கவில்லை, உனக்குத் தெரியும்தானே.

அண்ணை,
லெனாட்

பாரிஸ்,
மார்ச் 9

லவீனா,

அழித்துவிட்டாயா? ஏன் பதில் இல்லை? கெஞ்சிக் கேட்கிறேன், அழி.

லெனாட்

குருநகர்,
மார்ச் 14

அண்ணை,

குறோமைப் போட்டேன். பழையதை அழிக்கவில்லை. கொம்பியூட்டர் கடை ஜஸ்ரின், "ரெண்டும் இருக்கலாம் அக்கா, ஒண்டும் செய்யாது. ஆர் அழிக்கச் சொன்னது?" என்று சிரித்தார்.

விண்ணப்பத்தில், கடைசியாக அவனோடு தொடர்பில் இருந்தவர் யார் என்று கேட்டிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டு, "சரி, திறந்து பார்" என்றா. நல்ல காலம், நீங்களும் தம்பியும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அம்மாவால் வாசிக்க முடியவில்லை.

"அண்ணை, பலகை இத்துப்போய்க் கிடக்கு. உந்தப் படகு கடலுக்கு ஆகாது. நான் திரும்பி வாறன்." தம்பி எழுதியது. கரையின் பெயரும் அதில் இருந்தது.

"திரும்பினால் என்ரை முகத்திலை முழிக்காதை. ஏறு." நீங்கள் எழுதியது.

அவன் உங்களிடம் வந்து சேரவேண்டும் என்றுதான் எழுதினீர்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் ஏழு மாதமாக எந்த நாள், எந்தக் கரை என்று கண்டவரின் காலிலெல்லாம் விழுந்தோமே. எல்லாம் உங்களிடம் இருந்தது. கடைசியில் அந்தப் பெட்டியையும் என் கையாலேயே அழிக்கச் சொன்னீர்களே, அதை எப்படித் தாங்குவேன்?

விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி அனுப்பிவிட்டேன். உங்களைக் கூப்பிடுவார்கள். அவர்களுக்காவது உண்மையைச் சொல்லுங்கள்.

"ஆரின்ரை பேரைப் போட்டனி?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா. நான் சொல்லமாட்டேன். இனி எனக்கு எழுதவேண்டாம். அம்மாவுக்கு எழுதுங்கள், அவ வாசிக்கக்கூடிய எழுத்தில்.

லவீனா