இடது கன்னம் பற்றிய உண்மை

அன்புள்ள மூத்தவளுக்கு,

எனக்குப் பக்கவாதம் வரவில்லை. உன் அத்தை உனக்குப் போன் செய்து வாய் கோணிவிட்டது, பேச்சு நின்றுவிட்டது, அண்ணி இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்றெல்லாம் அழுதாளாமே, சின்னவன் சொன்னான். வாய் கோணவில்லை, நான்தான் ஒரு பக்கமாகச் சிரித்தேன். பேச்சு நிற்கவில்லை, பேச விருப்பமில்லாமல் இருந்தேன். அவளுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பேச விருப்பமில்லாத நேரம் என்று ஒன்று பிறந்ததிலிருந்தே அவளுக்கு வந்ததில்லை. இந்தக் கடிதத்தை என் கையாலேயே எழுதுகிறேன், வரி எங்காவது சாய்ந்திருக்கிறதா பார்த்துக்கொள். கோடு போடாத தாளில் நேராக எழுதக் கான்வென்டில் பழகிய கை, இதைவிட நல்ல மருத்துவச் சான்று உனக்குக் கிடைக்காது. ஆகவே நான் நலம், சின்னவன் நலம், கடையும் நலம். உன் நலத்தில்தான் எனக்குச் சந்தேகம், அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கொஞ்ச காலமாக நீ வீடியோவில் வந்தால் உன் முகம் வருவதில்லை, உன் அறைக் கூரையிலிருக்கும் விளக்குதான் வருகிறது. கேட்டால் கேமரா சரியில்லை என்கிறாய். அந்த விளக்குக் கண்ணாடிக்குள் இரண்டு பூச்சிகள் செத்துக் கிடப்பது வரை எனக்குத் தெரிகிறது, அப்படிப்பட்ட கேமராவுக்கு உன் மூக்கு மட்டும் தெரியாதாம். (முதலில் அந்தப் பூச்சிகளைத் துடைத்துப் போடு.) போகட்டும் என்று விட்டால், தம்பி கல்யாணத்துக்கு லீவு கிடைப்பது சந்தேகம் என்று ஆரம்பித்தாய். எனக்கு இருப்பது நீங்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் கல்யாணத்துக்கு இன்னொருத்திக்கு லீவு கிடைக்காது என்றால் அதை நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா. சின்னவனைக் கடையின் பின்கட்டில் சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்திக் கேட்டேன். ‘அக்கா சத்தியம் வாங்கியிருக்காம்மா, உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு’ என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கன்னமும் தாடையும் முழுக்கப் பருவாம், இந்த வயதில் இது என்ன கோலம் என்று நீ அழுகிறாயாம், எல்லார் நடுவிலும் இந்த முகத்தோடு போட்டோவில் நிற்க மாட்டேன் என்றாயாம். அத்தோடு நீ அந்த முகத்துக்குச் செய்யும் உபசாரத்தையும் சொன்னான், காலையில் ஆசிட் கலந்த ஃபேஸ்வாஷ், அது காயும் முன் பஞ்சில் நனைத்துத் துடைக்க இன்னொரு ஆசிட், சாயங்காலம் மணலாட்டம் சொரசொரக்கும் ஒரு ஸ்க்ரப், படுக்கும் முன் தோலை உரிக்க மூன்றாவது ஆசிட். எல்லாம் டாக்டர் சீட்டில்லாமல் கடையில் கிடைப்பவை, ஆகவே எல்லாவற்றையும் வாங்கிவிட்டாய்.

அடி பெண்ணே, நீ சலவைக் கடையில் பிறந்தவள். எந்தக் கறையானாலும் முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு கறைக்கு ஒரு மருந்துதான், அதை அலசாமல் அடுத்த புட்டியைத் தொடக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இதைக் கேட்டுக்கொண்டேதான் நீ கவுன்டருக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாய். அவசரப்படுகிற ஆட்களிடம் உன் அப்பா சொல்வாரே, ‘கறையைத் தொரத்துறேன்னு துணியைத் தொரத்திடாதப்பா’ என்று. ஒரு பட்டுச் சேலைக்குக் காட்டும் மரியாதையைச் சொந்தக் கன்னத்துக்குக் காட்டக் கூடாதா.

ஆனால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அதனால் நேரே மருந்துக்கடைக்குப் போனேன். நம் கடைக்கு இரண்டு கடை தள்ளி, நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறாளே அவள் நிற்கும் அதே கடைதான். முகப்பருவுக்கான ஆசிட் வேண்டும் என்றேன். ‘யாருக்கு அத்தை?’ என்றாள். உன் ரகசியத்தை நடுத்தெருவில் போட்டு உடைக்கவா முடியும், ‘எனக்குத்தான்’ என்றேன். என் முகத்தில் சுருக்கத்துக்கு நடுவே பருவுக்கு எங்கே இடம் என்று அவள் தேடியிருப்பாள், ஆனால் உதடு துடிக்கவில்லை, கெட்டிக்காரி. சாலிசிலிக் ஆசிட் போட்ட ஒரு ஜெல்லை எடுத்து வைத்து, ‘பட்டாணி அளவு போதும் அத்தை, ராத்திரி மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். எரிஞ்சா நிறுத்திடுங்க. காலைல சன்ஸ்கிரீன் இல்லாம வெயில்ல போகாதீங்க’ என்றாள். நீ வைத்திருக்கும் மற்ற புட்டிகளின் பெயரைச் சொல்லி அவற்றையும் எடு என்றேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது. ‘எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுடாதீங்க அத்தை’ என்றாள். எனக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்லி வாங்கிவந்துவிட்டேன்.

வலது கன்னத்துக்கு அவள் சொன்ன முறை, இடது கன்னத்துக்கு உன் முறை. ஒரே முகம், ஒரே சோப்பு, ஒரே காற்று, பிழை புட்டியிலா உன்னிலா என்று தெரிந்துவிடும். நான் கண்ணாடி பார்க்கும் ஆளில்லை என்று உனக்குத் தெரியும், கான்வென்ட் விடுதியில் கண்ணாடியே கிடையாது, இருட்டிலும் நேர்வகிடு எடுக்கப் பழகினோம். துணியின் தரத்தை விரலால்தானே பார்க்கிறோம், கன்னத்தையும் அப்படியே தடவிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இதைக் கேட்டுக்கொள், முதலில் உன் பக்கம்தான் ஜெயித்தது. வலது கன்னம் பழைய துண்டு மாதிரியே கிடக்க, இடது கன்னம் இஸ்திரி போட்டது போல வழுவழுவென்று ஆகிவிட்டது. மகள் சொன்னதுதான் சரியோ என்று வாய்விட்டுச் சொல்லக்கூடப் போனேன். அங்கேதான் நீ ஏமாந்திருக்கிறாய், நானும் ஏமாந்தேன். ப்ளீச் அதிகம் போட்ட வேட்டியும் முதலில் பளிச்சென்றுதான் இருக்கும், கிழிவது பிறகுதான். ஒரு நாள் காலையில் வெறும் தண்ணீர் பட்டதும் இடது பக்கம் தீயாக எரிந்தது. தலைக்கு மேல் வேலை கிடந்தது, அப்படியே போய்க் கவுன்டரில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து உன் அத்தை ஒரு கம்பளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வா என்று சிரித்தேன், இடது கன்னம் அசைந்தால் எரிகிறது, வலது பக்கம் மட்டும் சிரித்தது. ‘ஐயோ அண்ணி! வாய் ஒரு பக்கமா இழுக்குதே!’ என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. என்ன ஆச்சு சொல்லுங்கண்ணி என்று உலுக்குகிறாள், வாயைத் திறந்தால் எரியும் என்று நான் பேசாமல் இருந்தேன், அதுவே அவளுக்குப் போதுமான சாட்சி. சின்னவன் என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கி டெலிவரி வண்டியில் ஏற்றினான், தொங்கும் கோட்டுகளுக்கு நடுவில் நானும் ஒரு கோட்டு மாதிரி ஆடிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொறுப்பாக ஓடிவந்த மருந்துக்கடைப் பெண் மட்டும் என் கையை விடவே இல்லை.

டாக்டர் சின்னப் பையன், கையை உயர்த்துங்கள், சிரியுங்கள், ஏதாவது பேசுங்கள் என்றார். அவர் வெள்ளைக் கோட்டுப் பையில் பேனா கசிந்து இத்தனை பெரிய மைக்கறை. ‘அதைத் தேய்க்காதீங்க, ஸ்பிரிட்டுல நனைச்ச பஞ்சால ஒத்தி எடுங்க’ என்றேன். அவர் சிரித்துவிட்டு, ‘மூளை நல்லாத்தான் இருக்கு, தோல்தான் போச்சு. முகத்துக்கு என்னம்மா போட்டீங்க?’ என்றார். முகப்பருவுக்கு ஆசிட் என்றேன். கூடவே வந்திருந்த உன் அத்தை, ‘கல்யாணம் பையனுக்கா, உங்களுக்கா அண்ணி?’ என்றாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். வாழ்நாளில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிக்க நான் இடம் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தேன், உன் பெயரை மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண் வாசனை இல்லாத க்ரீம் ஒன்றைக் கொண்டுவந்து, கூச்சப்படாமல் என் முகத்தில் தானே தடவினாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, ஆனால் அதை அவளிடம் சொல்லிவைக்காதே. தடவிக்கொண்டே, ‘அன்னைக்கே தெரியும் அத்தை, உங்களுக்கு இல்லைன்னு. அண்ணிகிட்ட சொல்லுங்க, எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டச் சொல்லுங்க’ என்றாள். அண்ணி என்றது உன்னைத்தான். டாக்டர் எனக்குச் சொன்னதும் அதுதான். வெறும் மென்மையான சோப்பு, இந்த மாதிரி க்ரீம், வெயிலுக்குச் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். எரிச்சல் அடங்கிய பிறகு ஒரே ஒரு மருந்து, சாலிசிலிக் என்றால் சாலிசிலிக் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மருந்துக்கு வாரக்கணக்கில் அவகாசம் கொடு, காலையில் போட்டுச் சாயங்காலம் கண்ணாடியை மிரட்டாதே. அழுத்தினால் வலிக்கும் பெரிய கட்டிகள் இருந்தால், தழும்பு விழுந்தால், கடைப் புட்டிகளோடு மல்லுக்கட்டாமல் தோல் டாக்டரிடம் போ. கிள்ளாதே. தலையணை உறையை அடிக்கடி மாற்று. இன்னொன்று, அந்தச் சொரசொரப்பு ஸ்க்ரப்பைக் குப்பையில் போடு, பாத்திரம் தேய்க்கக்கூட நான் அதை வாங்க மாட்டேன்.

இப்போது என் வலது கன்னம் எப்போதும் போல, இடது கன்னம் உரியும் உருளைக்கிழங்கு. அடுத்த மாதக் கடைசியில் கல்யாணம், அதற்குள் ஆறிவிடும் என்கிறார்கள், ஆறாவிட்டாலும் இப்படியே நிற்பேன். போட்டோக்காரர் வந்து, ‘ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா, கம்ப்யூட்டர்ல வழிச்சு எடுத்துடலாம்’ என்றார். ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். என் பிள்ளைகளின் முகத்தில் என்ன இருக்கிறதோ அது இருக்கட்டும், இல்லாத முகத்தை மாட்டிவைக்க என் சுவரில் இடமில்லை. சின்னவனுக்கு ஒரு பக்கம் நான் நிற்பேன். மறுபக்கம் உன் அப்பாவுக்குரியது, அவர் இல்லாததால் அது உன்னுடையது. உன் அத்தை அந்த இடத்துக்கு இப்போதே சேலை எடுத்துவிட்டாள், நான்தான் தரவில்லை. ஒரு பக்கம் நான் இருந்து மறுபக்கம் அசைவற்றுக் கிடந்தால் அதற்கு என்ன பெயர் என்று உன் அத்தையையே கேள். இந்த ஒரு முறை அவள் சரியாகச் சொல்வாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடிக்கு ரொம்பவும் பக்கத்தில் நின்று உன்னைப் பார்க்காதே, யாரும் உன்னை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை, பெற்றவளைத் தவிர. எனக்கு நீ பிறந்த அன்றும் முகமெல்லாம் சிவப்புப் புள்ளியோடுதான் வந்தாய், நான் திருப்பிக் கொடுக்கவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் தம்பியும் அவளும் நன்றாக இருக்க வேண்டும்.

வருகிறாயா இல்லையா என்று போனில் சொல்லாதே, போனில் எனக்கு விளக்குதான் தெரிகிறது. தாளில் எழுதிப் பதில் போடு.

முழு முகத்தோடும் ஆசி கூறும்
உன் அம்மா