கதவு எண் இல்லாத தோட்டம்

ஜூன் 9, திங்கள்

அலுவலகத்தில் ஏசி மறுபடியும் படுத்துவிட்டது. நானும் படுத்திருக்கலாம். வீட்டு நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோகும் எங்கள் வண்டிகளுக்கு வழிகாட்டுகிற புரோகிராம் இப்போது என் தலையில். லைப்ரரி என்று நாங்கள் சொல்லும் ஆயத்த நிரல் ஒன்றிடம் முகவரியைக் கொடுத்தால் அது வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தரும். முகவரி புரியாவிட்டாலும் தரும், அதுதான் வினை. சூலூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளெல்லாம் ஊரின் நடுவில் ஒரே புள்ளியில் குவிந்து கிடக்கின்றன. டிரைவர்கள் அங்கே போய் நின்று, விசாரித்து, தாமதமாகப் போய்ச் சேர்கிறார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன கேடு இதற்கு?

ஜூன் 11

பதிலோடு துல்லியம் எவ்வளவு என்றும் ஒரு குறிப்பு வருகிறது. இதுவரை யாரும் அதைப் பார்த்ததே இல்லை. இன்று பார்க்க வைத்தேன். உத்தேசப் புள்ளி என்றால் சிவப்பு, கதவு எண்வரை பொருந்தினால் பச்சை. திரை முழுக்கச் சிவப்பு. மேனேஜர் மோகன்குமார் எட்டிப் பார்த்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். நேற்றும் இதே லட்சணம்தான். வெள்ளிக்குள் எல்லாம் பச்சையாக வேண்டுமாம்.

ஜூன் 12

சரியான முகவரி கேட்டு நாளெல்லாம் போன். காது எரிகிறது. தனபால் என்று ஒருவர், சூலூரைத் தாண்டித் தோட்டம். அவருடைய அம்மா தெய்வாத்தாளுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது, சிலிண்டர் இல்லாமல் முடியாது. "பெரியகாட்டுத் தோட்டம்னு கேட்டா ஆரு வேணாலும் சொல்லுவாங்க அம்மணி" என்றார். கம்ப்யூட்டர் யாரையும் கேட்காதுங்க, கதவு எண்ணும் தெருப் பெயரும் வேணுமுங்க என்றேன். கொஞ்சம் கறாராகவே.

"செரிங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம், பாத்து அனுப்பறேன்."

ஜூன் 13

தனபால் கதவு எண்ணோடு அனுப்பிவிட்டார். பச்சை. அப்பாடா.

ஜூன் 17

எழுதக் கை வரவில்லை. டிரைவர் கலீல் ரஹ்மான் மதியம் கூப்பிட்டார். "வீடு பூட்டியிருக்குதுங்க. நம்பரு இதேதானுங்க."

அது தனபாலின் அக்கா வீடு, சூலூர் டவுனுக்குள். தோட்டத்துக்குக் கதவு எண்ணே கிடையாது. நான் கேட்டேனே என்று, எண் இருக்கிற வீட்டைக் கொடுத்திருக்கிறார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா வாங்கி வைத்துத் தகவல் சொல்லுவார் என்று நினைப்பு. அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டார். வண்டி தோட்டத்தைத் தேடிப் போவதற்குள் வீட்டிலிருந்த சிலிண்டர் தீர்ந்து, அந்தம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். ஐசியூ.

என்ன மனுசனப்பா. ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே — அவரைத் திட்டி என்ன? நான் கேட்டது அவர் வாசலையா, பச்சையையா?

ஜூன் 18

புள்ளி சரி சார், வீடுதான் தப்பு என்றேன். "அப்ப சிஸ்டம் மேல தப்பில்லை" என்றார் மோகன்குமார். சண்டை போடத் தெம்பில்லை. தோட்டத்து வீடுகளுக்கு லைப்ரரியைக் கேட்பதையே நிறுத்திவிட்டேன். வாசலில் நின்று போனிலிருந்து லொக்கேஷன் அனுப்பச் சொல்லி, அதை அப்படியே போடுகிறேன். அனுமதி கேட்கவில்லை.

தனபாலும் அனுப்பினார். "அம்மா ஊட்டுக்கு வந்ததும் வேணுமில்லைங்க" என்றார்.

ஜூன் 21

தூக்கம். வேறொன்றும் இல்லை.

ஜூன் 24

காலையில் தனபால். "அம்மா ஞாயித்துக்கெழமை போயிட்டாங்க அம்மணி. அன்னிக்கு எறக்கி வெச்ச சிலிண்டரை எடுத்துக்கச் சொல்லுங்க. வேற ஆருக்காச்சும் ஆகுமுங்க."

சொல்றேனுங்க என்றேன்.

"நாந்தானுங்க தப்பா அட்ரஸ் குடுத்துப்போட்டேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பாத்ரூமில் போய் அழுதேன்.

மாலை கலீல் போய்ச் சிலிண்டரை எடுத்து வந்தார். வண்டி நேராக அவர்கள் வாசலிலேயே போய் நின்றதாம்.